எட்டு சிவப்பு, ரெண்டு கறுப்பு

கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் திரையைப் பார்ப்பார்கள். அந்த அக்கா திரையை மூடுவார். தோள்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, உதறி, மழைக்கு முக்காடு போடுவதுபோல் திரைமேல் போர்த்திவிட்டு, அதன் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்து கம்பிகளைத் தொடுவார். திரையைப் பார்த்தே ஆகவேண்டிய வேலையாக இருந்தால், "தொறந்து வச்சிகினு இருக்கறதெல்லாம் மூடிட்டு கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நிற்பார். வாசலில் நின்றால் தெரு தெரியும். தெருவுக்கு மேலே திருத்தணி மலை தெரியும். படியேறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சாரைசாரையாகத் தெரிவார்கள். அத்தனையும் ஆசையாகப் பார்ப்பார். கூப்பிடும்வரை உள்ளே மட்டும் திரும்பமாட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பெயரையும் அந்தத் துணியால் போர்த்திவைப்பதுதான் முறை.

நான் நேர் எதிர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கடிதம் பிரித்தால் என் கழுத்து தானாக நீளும். மூடிய கதவு, மடித்த காகிதம், தாழ்ந்த குரல் எதைக் கண்டாலும் எனக்குள் ஒரு நாய்க்குட்டி எழுந்து வாலாட்டும். அதனால்தானோ என்னவோ, பார்க்க முடிந்தும் பார்க்காமல் இருக்கிற ஒரு பெண்ணை என்னால் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது.

மலைக் கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம் ஒன்று அடிவாரத்தில் இருந்தது. அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதானபோது அக்காவை அழைத்துப் போனது நான். பெண்ணுக்கு வரன் பார்த்து வந்த கடிதம் ஒன்று திரையில் திறந்தபடி நின்றுவிட்டது, மூட முடியவில்லை. வீட்டு அம்மாள் தானே வலிய, படித்துத்தான் பாரேன், நல்ல இடமா சொல்லு என்றார். அக்கா துணியைப் போர்த்தி, துணிக்கு மேலேயே கைவைத்துச் சுவிட்சைத் தேடி அணைத்து, திரும்பப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் கேட்டேன், அவங்களே படிக்கச் சொன்னாங்களே என்று.

"அவங்க சொன்னாங்க. எழுதினவரு சொன்னாரா?"

சினிமாவுக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொள்வீர்களா என்று கிண்டல் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "அது நாம பாக்கறதுக்குன்னே எடுத்து வச்சிக்கீறாங்க. முதல் வரிசையில குந்திகினு பாப்பேன்" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கழிந்து, எங்கள் பக்கம் பிராட்பேண்ட் வந்த புதிது. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு லுங்கிக் கம்பெனியின் ஆபீசில் எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. முன்பக்கம் விற்பனைக் கவுண்டர், பின்பக்கம் ஆபீஸ். தறிகள் எல்லாம் பொதட்டூர்பேட்டையில். அங்கே தறி ஷெட்டை ஒட்டி இன்னொரு சின்ன ஆபீஸ். இரண்டுக்கும் நடுவே கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற ஒரு பஸ்.

லுங்கியின் உயிர் அதன் கட்டத்தில் இருக்கிறது. எந்த நிறத்தில் எத்தனை இழை, அதற்கு அடுத்து எது எத்தனை என்ற வரிசைதான் டிசைன். ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும். பொதட்டூர்பேட்டையில் ஒரு டிசைன் மாஸ்டர் அதை வரைவார். ஐம்பதைத் தாண்டியவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உறவு இருக்கிறதோ இல்லையோ ஷெட்டில் எல்லாருக்கும் அவர் பாவா, மச்சான். அவர் வரைந்து அனுப்பியதை முதலாளி இங்கே இழைகளைக் கூட்டிக் குறைத்து முடிவு செய்து திருப்பி அனுப்புவார். அந்த முடிவான வரிசையை எனக்குக்கூடக் காட்டமாட்டார். ஒற்றை விரலால் அவரே தட்டி அனுப்புவார். நான் எதிர் மேஜையில் வெந்துகொண்டிருப்பேன்.

அந்த வரிசைதான் திருட்டுப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் புதுக் கட்டம் கடைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே கட்டம் வேறொரு வியாபாரியின் கடையில் தொங்கும். முதலில் கண்டக்டர் கையில் கவரைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். கவரை யாரோ பிரிக்கிறார்கள் என்று ஃபேக்ஸுக்கு மாறினோம். பூத்தில் எவனோ பார்க்கிறான் என்று இமெயிலுக்கு மாறினோம். அப்புறமும் போனது. இரண்டு ஆபீசையும் வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாதபடி இணைத்துத் தரச்சொல்லி முதலாளி அக்காவை வரவழைத்தார்.

முதலாளிக்கு அவர் விளக்கியது நினைவிருக்கிறது. "பஸ்ஸு எல்லாருக்கும் பொதுங்க. ஆனா உங்க தூக்குல இன்னா சோறுன்னு பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரியுதா? தூக்குக்கு நல்ல பூட்டு போட்டு இங்க ஏத்துறோம். அங்க எறக்கி தொறக்குறாங்க. நடுவுல எவன் தூக்கிப் பாத்தாலும் வெறும் கனம்தான் தெரியும்."

இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு பெட்டி. இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே ரகசியச் சொல்லை வைக்க வேண்டும். அதைக் கொண்டுதான் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும். அந்தச் சொல்லை யார் வைப்பது என்றபோதுதான் அக்காவின் வித்தை வெளியே வந்தது. தனக்குத் தெரியக்கூடாது என்றார். ஒரே ஆளுக்கும் முழுசாகத் தெரியக்கூடாது. இங்கே ஒருவர் பாதி, அங்கே ஒருவர் பாதி. முதலாளிக்கு பஸ் ஏற நேரமில்லை, அதனால் இங்கே நான். அங்கே பாவா.

ஆக அவரவர் ஊர்ப் பெட்டியில் அவரவர் பாதியை அடித்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பாவா பஸ் ஏறி திருத்தணிக்கு வந்து தன் பாதியை இங்கேயும் அடித்தார். நான் பஸ் ஏறி பொதட்டூர்பேட்டைக்குப் போய் என் பாதியை அங்கேயும் அடித்தேன். இரண்டு இடத்திலும் அக்கா சுவரைப் பார்த்து நின்றார். பாவா அடித்தபோது என்னையும் திருப்பி நிறுத்தினார். எனக்குப் பின்கழுத்து அரித்தது. பாவா ஒவ்வொரு எழுத்தையும் தேடித்தேடி, சோளம் பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இணைப்பு வரவில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஓர் எழுத்தைத் தப்பாக அடித்திருக்கிறோம். யார் என்று சொல்ல வழியில்லை, அடித்ததெல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். மறுபடி அவர் இங்கே, நான் அங்கே. மறுபடி வரவில்லை. முதலாளி போனில் கத்தினார். போனில் சொன்னால் ரெண்டு நிமிஷம், இதுக்குப் போய் ஆளை பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறாயே என்று. அக்கா நிதானமாக, "போன்ல சொல்றதா இருந்தா இந்தப் பொட்டியே எதுக்குங்க?" என்றார்.

மூன்றாவது முறை வந்தது. பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு நின்று எரிந்தது. பாவா அங்கிருந்து ஏதோ ஒரு பக்கத்தை அனுப்பினார். அது இங்கே வந்து விழுந்தது. வந்துச்சா என்று மட்டும் கேட்டார் அக்கா. என்ன வந்தது என்று கேட்கவில்லை.

ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் இணைப்பு அறுந்தது. கரண்ட் போய் வந்தால் லைனுக்கு வேறு எண் விழுந்துவிடுமாம். அந்தப் புது எண்ணை எங்கள் பெட்டி அந்நியன் என்று நினைத்துக் கதவைத் திறக்கவில்லை. முதலாளி சலித்துக்கொண்டார். அக்காவுக்கோ பெருமை. "தெரியாதவன் வந்து தட்னான், தொறக்கல பாருங்க. நல்ல பொட்டி."

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் மஞ்சளாகி, காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வந்த எங்கள் விற்பனை ஆள் ஒரு லுங்கியை மேஜைமேல் விரித்தான். எங்கள் டிசைன். இணைப்பு வந்த பிறகு போன முதல் டிசைன். இன்னும் எங்கள் கடைக்கே வராதது. வேறு கடையில் வாங்கி வந்திருந்தான்.

முதலாளி சத்தம் போடவில்லை. அக்காவை வரவழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் லைனில் ஒழுகுதா? அக்கா அரை நாள் உட்கார்ந்து பெட்டிகளின் பதிவுகளைப் பார்த்தார். யாரும் தட்டவில்லை, யாரும் நுழையவில்லை. "லைன்ல ஒழுகலைங்க" என்றார்.

"அவ்ளோதாம்மா எனக்கு வேணும்" என்றார் முதலாளி. "என் கையில இருந்து போகல. கம்பியில போகல. அப்ப மிச்சம் அந்த டிசைன் மாஸ்டரு ஒருத்தன்தான். இருவது வருஷம் கூட வச்சிகினு இருந்தேன். கிருத்திகை போகட்டும், கணக்க முடிச்சி அனுப்பிடறேன்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றுவிட்டார். வழக்கம்போல் மலையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே போன என்னிடம், "இவரு என் லைன வச்சி ஒரு ஆள வெளிய தள்ளப் போறாரு" என்றார். பிறகு, நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டை போகலாம், நீயும் வா என்றார்.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தார். கரும்பு வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. எதையும் கேட்காமல் வருவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரே ஆரம்பித்தார்.

"நான் முன்ன ஒரு நூல் மில்லுல டெலிபோன் போர்டுல இருந்தேன். மேனேஜருக்கு வெளியூரு லைன் போட்டுக் குடுத்துட்டு காதுல இருந்து எடுத்துடணும். ஒரு நாள் நான் எடுக்கல. சும்மா, கேக்கணும்னு ஆசை. எங்க மேஸ்திரி ஒருத்தர திருட்டுப் பட்டம் கட்டி நிறுத்தப் போறதா பேசிகினு இருந்தாங்க. அன்னிக்கு மதியம் அதே மேஸ்திரி எலுமிச்சஞ்சோறு கொண்ணாந்து எனக்கும் வச்சாரு."

"சொன்னீங்களா அவர்கிட்ட?"

"இல்ல. தின்னேன்."

இரண்டு நிறுத்தம் கடந்தது. கண்டக்டர் விசிலடித்தார். அக்கா சன்னலைப் பார்த்தபடியே, "அவரு எடுக்கல. வேற ஆளு. அதுவும் ஆறு மாசம் கழிச்சி அதே போர்டுலதான் எனக்குத் தெரிஞ்சது. அவரு ஊர விட்டே போயிட்டாரு" என்றார். அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்தக் கழுத்து எங்கே பழகியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதில் எனக்கு வழக்கமாக வரும் அந்தச் சந்தோஷம் வரவில்லை.

பாவா எங்களைப் பார்த்ததும், என்னம்மா மறுபடி பொட்டிக்குச் சளி பிடிச்சிகிச்சா என்றார். புது வரிசை ஒன்று முந்தின நாள்தான் வந்திருந்தது. அன்று காலை அதற்குப் பாவு போட வேண்டும், தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை வரிசையாக அடுக்குகிற வேலை. அவர் அதைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அக்கா எழுந்து வெளியே போனார். ஷெட்டின் தகரச் சுவரை முதுகுக்கு வைத்து ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சின் அந்த மூலையில் ஒருவர் செய்தித்தாள் விரித்திருந்தார்.

உள்ளே பாவா காகிதத்தை நாகம்மா கையில் கொடுத்திருக்க வேண்டும். நாகம்மாதான் பாவு போடும் பெண்களுக்குத் தலைவி. நூல் சுற்றிய கோன்களை நிற வரிசைப்படி ஒரு பெரிய சட்டத்தில் மாட்ட வேண்டும். ஒருத்தி படிப்பாள், ஐந்தாறு பேர் திருப்பிச் சொல்லிக்கொண்டே மாட்டுவார்கள். திருப்பிச் சொன்னால்தான் எண்ணிக்கை தப்பாது. பக்கத்து ஷெட்டுத் தறிகள் அந்த நேரத்துக்கே ஓட ஆரம்பித்திருக்கும். அதனால் தொண்டையைத் திறந்துதான் சொல்ல வேண்டும். காலம் காலமாக அப்படித்தான்.

"சிவப்பு எட்டு" என்றது தகரத்துக்குப் பின்னால் நாகம்மாவின் குரல்.

"சிவப்பு எட்டேய்" என்றன ஐந்து குரல்கள்.

"கறுப்பு ரெண்டு."

"கறுப்பு ரெண்டேய்."

அக்காவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. அவர் உடம்பு வழக்கப்படி திரும்ப ஆரம்பித்ததைப் பார்த்தேன். தோள் திரும்பியது, கழுத்து திரும்பியது. எங்கே திரும்பி என்ன, சத்தம் எல்லாப் பக்கமும் இருந்தது. பெஞ்சின் மூலையில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். குறுக்கெழுத்துப் போடுகிறவரைப்போல அவ்வளவு சாவதானமாக.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். திரும்பிய கழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு, கேட்டார். வெள்ளை நாலு. கறுப்பு ரெண்டு. மயில்கழுத்துப் பச்சை பன்னிரண்டு. உதடு மட்டும் அசைந்தது. கடைசிக் கோன்வரை கேட்டார். டீ ஆடை கட்டிவிட்டது.

முதலாளிக்குப் போன் போடட்டுமா என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் நானே வாயை மூடிக்கொண்டேன். திரும்ப பஸ். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கிழவர் சாமி பேரு சொல்றியாம்மா என்று கேட்டார். ஆங் என்றார் அக்கா.

அக்கா முதலாளியின் அறைக்குள் போய், நானும் நுழைந்ததும் கதவைச் சாத்தினார். நின்றபடியே ஒப்பித்தார். சிவப்பு எட்டு, கறுப்பு ரெண்டு, வெள்ளை நாலு. முதலாளி மேஜை டிராயரைத் திறந்து தன் காகிதத்தை எடுத்து விரலை வரிக்கு வரி வைத்துக்கொண்டு போனார். விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"என் பொட்டிய தொறந்து பாத்தியா?" என்று கேட்டார். குரலில் பயம்தான் அதிகம் இருந்தது.

"பொட்டி நல்லா பூட்டித்தாங்க கீது. பொதட்டூர்பேட்டையில எறக்கி தொறந்த அப்பால உங்க ஷெட்டே கூவுது. தெனமும் காலையில. டீக்கடையில பேனாவோட ஒருத்தன் குந்திகினு எழுதிக்கிறான்."

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பாவு போடுகிற நேரத்தில் அவர் ஒருநாளும் அங்கே போனதில்லை. பாவாவுக்கும் நாகம்மாவுக்கும் அந்தக் கூவல் மூச்சு விடுவதுபோல. மூச்சு விடுகிற சத்தம் யாருக்குக் கேட்கிறது?

அக்கா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பாவாவைச் சந்தேகப்பட்டது பாவாவுக்குத் தெரியக்கூடாது. "தெரிஞ்சா ரோஷக்காரரு, நீங்க கூப்புட்டாலும் இருக்க மாட்டாரு." இரண்டாவது, இந்த வரிசை இப்போது தன் தலையில் இருக்கிறது, சரக்கு கடைக்கு வரும்வரை வேறெந்த லுங்கிக்காரர் ஆபீசிலும் தான் கால் வைக்கப்போவதில்லை. அப்படி யாரும் அவரைக் கேட்கவில்லை, அந்தப் பேனாக்காரர் ஏற்கெனவே குறித்துக்கொண்டு போயும்விட்டார். மூன்று மாதம் அப்படியே இருந்தார். அவருக்கு வரவேண்டிய வேலைகளை வேறு ஆட்கள் செய்துவிட்டுப் போனார்கள்.

ஷெட்டில் முதலில் வாய் திறக்காமல் மாட்டச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் நாளே எண்ணிக்கை தப்பி ஒரு பாவு முழுக்க வீணானது. கூவாமல் கை ஓடாது என்று நாகம்மா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். கூவுங்க, ஆனா பேர மாத்திக் கூவுங்க என்று அக்கா சொல்லி அனுப்பினார். நிறங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார். சிரித்துச் சிரித்து அரை நாள் வேலை கெட்டதாம். மறுநாள் தகரச் சுவரைத் தாண்டி வந்தது இப்படி:

"மாமியாரு எட்டு."

"மாமியாரு எட்டேய்."

"நாத்தனாரு ரெண்டு."

பேனாக்காரர் இரண்டு நாள் எழுதிப் பார்த்துவிட்டு வேறு டீக்கடைக்குப் போய்விட்டார். வருஷத்துக்கு இரண்டு முறை உறவுமுறை மாறும். பாவா மட்டும் கொஞ்ச நாள் முனகிக்கொண்டிருந்தார், என் மயில்கழுத்துப் பச்சைக்குப் போய் மூத்தாருன்னு பேரு வச்சிக்கீறாளுங்களே என்று.

ஐப்பசியில் சரக்கு வந்தது. கவுண்டருக்கு மேலே கயிற்றில் அந்தக் கட்டம் தொங்கிய முதல் நாள் அக்கா கடைக்குள் வந்தார். அண்ணாந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்ததை நான் கவனித்தேன். எட்டு, ரெண்டு, நாலு. ஒன்று எடுக்கச் சொன்னார். சரக்கோடு வந்திருந்த பாவாதான் எடுத்து மடித்தார்.

"யாருக்கும்மா லுங்கி? வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லன்னு சொன்ன?"

"பொட்டிக்குப் போத்த. பழைய துண்டு கிழிஞ்சிப் போச்சி."

"பாருடா, என் டிசைன கம்ப்யூட்டரு கட்டிக்கப் போவுது" என்று பாவா கடை அதிரச் சிரித்தார். மதிய நேரம். போகவிடவில்லை. தன் தூக்கைப் பிரித்து, புளிச்சகீரை கடைசலும் சோறும் மூன்று தட்டில் வைத்தார். அக்கா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுக்கொண்டே பாவா என்னைக் கேட்டார்: "ஏம்பா, மொதலாளி நைனாவுக்கு ஆடியில இன்னா ஆச்சி? ரெண்டு மூணு நாளு என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல. அப்பால ஒரு நாள் அவரே வந்து டீ வாங்கிக் குடுத்து, கைய புடிச்சிகினாரு. எதுக்குன்னே தெரியல. நீ ஆபீஸ்லயே கீற, உனக்கு எதாச்சும் தெரியுமா?"

எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. லுங்கி மேஜைமேல் விரிந்தது, கணக்கை முடிக்கிறேன் என்றது, பஸ், பேனா, ஒப்பித்தது. ஒரு வாய்ச் சோற்றைவிடச் சின்னதாக இருந்தது, துப்பிவிட்டால் போதும். அக்காவின் கை தட்டில் நின்றிருந்தது.

நான் முகத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். தெரு, தெருவுக்கு மேலே மலை, படியில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள்.

"எனக்கு எப்டி பாவா தெரியும்?"

எனக்குப் பின்னால் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

"இன்னும் கொஞ்சம் வைங்க."